‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ டிவிடி தொகுப்பு: பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

பட்ரீஷியா ரூட்லெட்ஜ் 2025 அக்டோபரில் தம் 96ஆம் வயதில் காலமான பிறகு, அவர் நாயகியாக நடித்த ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் முழுத் தொகுப்பை வாங்கினேன். பிபிசியில் 1990 முதல் 1995 வரை ஐந்து பருவங்களாக வந்த தொடரின் 44 பகுதிகளும் இதில் உள்ளன. சிரிக்க விரும்பி வாங்குவோருக்கு இது குறை வைக்காது. அந்த நடிகையைத் தெரிந்துகொள்ள விரும்பி வாங்கினால், என்னைப் போல் பாதி மனத்தோடுதான் பெட்டியை மூட வேண்டியிருக்கும்.

‘பக்கெட்’ (வாளி) என்ற குடும்பப் பெயரைப் ‘பொக்கே’ (பூங்கொத்து) என்றே உச்சரிக்க வேண்டும் என்று ஊரையே திருத்தும் ஹயசிந்த்தான் கதையின் அச்சு. அவள் நீட்டும் விலையுயர்ந்த கோப்பையை வாங்கும்போதே பக்கத்து வீட்டு எலிசபெத்தின் கை நடுங்கத் தொடங்கிவிடும். எலிசபெத்தின் சகோதரர் எம்மெட் ஓர் இசைக்கலைஞர். ஹயசிந்த் தன்னைப் பார்த்ததும் பாடிவிடுவாளோ என்று அஞ்சி, வாசலை எட்டிப் பார்த்த பிறகே வெளியே கால் வைக்கிறார். அவளோ எங்கிருந்தாவது தோன்றிப் பாடியே தீர்கிறாள். சுருதி அறியாதவர் தவறுவது வேறு, அறிந்தவர் அளந்து பிசகுவது வேறு. ரூட்லெட்ஜ் செய்வது இரண்டாவது. மூச்சு நிறைந்து குரல் மேலெழும் இடத்திலேயே அதை அசிங்கமாக நெளிய விடுகிறார். அந்தக் காட்சிகளை நான் இரண்டு முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை என்பதே என் முதன்மையான குறை. 1929இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் பிறந்து, லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, லிவர்பூல் பிளேஹவுஸில் தொழில் தொடங்கியவர் அவர். 31 காட்சிகளோடு நின்றுபோன ‘டார்லிங் ஆஃப் த டே’ என்ற பிராட்வே (நியூயார்க் நாடக அரங்குகள்) இசைநாடகத்துக்காக 1968இல் அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது பெற்றார். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த ‘1600 பென்சில்வேனியா அவென்யூ’ என்ற இசைநாடகம் 1976இல் ஏழே காட்சிகளில் மூடப்பட்டது. ஆனால் பதவி விலகும் அமெரிக்க அதிபரின் மனைவியாகவும் புதிதாக வரும் அதிபரின் மனைவியாகவும் ஒரே பாடலுக்குள் அவர் மாறி மாறிப் பாடியதை அரங்க ரசிகர்கள் மறக்கவில்லை. பெர்ன்ஸ்டைனின் ‘காண்டிட்’ இசைநாடகம் 1988இல் ரூட்லெட்ஜுக்குப் பிரிட்டனின் மேடை விருதான ஒலிவியே விருதையும் தந்தது.

அதே ஆண்டில் நாடகாசிரியர் ஆலன் பென்னட் எழுதிய ‘எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தனிமொழியில், கண்ணில் பட்டவர் மீதெல்லாம் புகார்க் கடிதம் எழுதும் பெண்ணாக அவர் நடித்தார். ஜன்னல் வழியே அடுத்தவர் வாழ்க்கையை மேற்பார்வை பார்க்கும் அந்தப் பெண், பார்வையாளர் சிரிப்பொலியைக் கழித்துவிட்ட ஹயசிந்த் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைத் தனியாகத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தயாரிப்பைப் பற்றிச் சொல்வதானால், பழைய சதுர வடிவப் படத்தை அகலத்திரைக்காக இழுத்துக் கெடுக்காமல் விட்டிருப்பது நல்ல முடிவு. வெளிப்புறக் காட்சிகள் சற்று மங்கல்தான். எனக்கு வந்த பெட்டியில் ஒரு தட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பல் உடைந்திருந்ததால், தட்டு உள்ளேயே உருண்டு கீறல் விழுந்து, ஒரு பகுதி நடுவில் திக்குகிறது. பிரிட்டன் வெளியீடுகள் எந்த நாடுகளின் இயந்திரங்களில் ஓடும் என்பதைக் குறிக்கும் இரண்டாம் மண்டலக் குறியீட்டோடு வருவதால், உங்கள் இயந்திரம் அதை ஏற்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள், ஆறே பகுதிகள் கொண்ட முதல் பருவத்தை விட்டு இரண்டாவதில் தொடங்கினாலும் இழப்பில்லை. ஹயசிந்தின் தங்கை ரோஸாக மேரி மில்லர் வருவது அதிலிருந்துதான். அவரும் இசைநாடக மேடையிலிருந்து வந்தவரே.