கமாண்டர் டேக்: 300 தங்கத்துக்கு வாங்கியதும், வாங்கிக் கட்டிக்கொண்டதும்

கில்ட் வார்ஸ் 2 என்ற ஆன்லைன் ஆட்டத்தில் எங்கள் கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன வாரம் டிஸ்கார்டில் கேட்டான்: "அண்ணே, 300 தங்கம் சேர்த்துட்டேன். கமாண்டர் டேக் வாங்கலாமா, இல்ல லெஜண்டரி ஆயுதத்துக்கு வச்சுக்கவா?" வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அடிக்க ஆரம்பித்தால் பதில் நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே போடுகிறேன்.

கில்ட் வார்ஸ் 2 ஆடுகிறவர்களுக்குத்தான் இது. வேர்ல்ட் வெர்சஸ் வேர்ல்ட் என்ற கோட்டை பிடிக்கும் போரில் மூன்று அணி, நான்கு மேப், கேம்ப் (சப்ளை முகாம்), டவர் (சின்னக் கோட்டை), கீப் (பெரிய கோட்டை) என்ற அரிச்சுவடியை எல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை. கமாண்டர் டேக் என்பது படையை நடத்துகிறவனுக்கான அடையாளம். வாங்கினால் தலைக்கு மேல் ஒரு சின்னம், மேப்பிலும் அதே சின்னம், 50 பேர் வரை ஸ்குவாட் (பின்னால் வரும் படை), தரையில் ஊன்ற எட்டு மார்க்கர் (இதயம், சதுரம் மாதிரி குறிகள்). 2014 வரை விலை 100 தங்கம்தான், ஆனால் ஒரே ஒரு கேரக்டருக்கு. அந்த ஆண்டுதான் 300 ஆக்கினார்கள். அக்கவுண்ட் முழுக்கச் செல்லும், நிறமும் மாற்றிக்கொள்ளலாம். பழைய ஆட்கள் அப்போது புலம்பிய புலம்பல் தனிக்கதை. ஐந்தாறு கேரக்டர் வைத்திருக்கிறவனுக்கு உண்மையில் அது லாபம்.

நான் ஆடுவது ஐரோப்பிய சர்வரில். வாராந்திர ரீசெட் (பழைய போர் முடிந்து புதுப் போர் தொடங்கும் நேரம்) அங்கே வெள்ளிக்கிழமை மாலை. நமக்கு இரவு 11:30. வீடே படுத்துவிட்டிருக்கும். ஸ்குவாடை ஓட்டுகிறவன் மைக்கில் கத்தியே ஆக வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் எழுதாத விதி. "புஷ் புஷ், லெஃப்ட் லெஃப்ட், ஸ்டேக் ஆன் டேக்" (என்னைச் சுற்றி நெருங்கி நில்) என்று நான் கத்தினால் அடுத்த அறையிலிருந்து அப்பா எழுந்து வந்து ரவுட்டரைப் பிடுங்கிவிடுவார். ஆக, முணுமுணுப்பாகப் பேசிக்கொண்டு, மீதியை மார்க்கரை வைத்தே நடத்தும் கமாண்டர் ஆனேன். வேறு வழியில்லாமல் பிடித்த பழக்கம்தான். ஆனால் டேக்கின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது என்று இன்றைக்கு யாரிடமும் வாதாடத் தயார்.

2024 வரை ஐரோப்பாவில் மொழிவாரி உலகங்கள் (ஆட்டக்காரர்கள் சேரும் சர்வர்கள்) இருந்தன. பாருச் பே என்றால் ஸ்பானிஷ், கோடாஷ் என்றால் ஜெர்மன், ஜேட் சீ என்றால் பிரெஞ்சு. உலகங்களை எடுத்துவிட்டு கில்டுகளைக் கலைத்துப் போட்டு அணி பிரிக்கும் முறை வந்த பிறகு, என் ஸ்குவாடில் யார் என்ன மொழி பேசுகிறார் என்று எனக்கே தெரியாது. பாதிப் பேர் வாய்ஸில் இருப்பதில்லை. இருப்பவர்களில் சிலருக்கு என் ஆங்கிலம் புரிவதில்லை, எனக்கு அவர்களுடையது. ஆனால் ஆல்ட்-3 தட்டி தரையில் ஒரு இதயத்தை ஊன்றினால், அரை நிமிடத்தில் நாற்பது பேர் அதன் மேல் வந்து நிற்பார்கள். பேச்சே வேண்டாம்.

ஈபிஜி (எடர்னல் பேட்டில்கிரவுண்ட்ஸ்) மேப்பின் நடுவில் இருக்கும் ஸ்டோன்மிஸ்ட் கோட்டையை எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவர், உள்சுவர், அதற்குள் படியேறிப் போனால் மேல்தளத்தில் லார்ட் (கோட்டையைக் காக்கும் தலைவன்). சும்மா கும்பலாகப் போய் முட்டினால் ஆரோ கார்ட் (அம்பு பொழியும் எந்திரம்) மழையில் வெளிச்சுவரிலேயே பொசுங்கிவிடுவோம். அதனால் முதலில் சப்ளை (போர் எந்திரங்கள் கட்டத் தேவையான பொருள்). அடிப்படையில் ஒரு ஆள் சுமப்பது 10தான். ஸ்குவாட் முழுசாக இருந்தாலும் கையில் 500. அம்புக்குறியை கேம்ப்பில் ஊன்றினால் எல்லோரும் போய் நிரப்பிக்கொண்டு வருவார்கள். கேடபல்ட் (சுவர் உடைக்கும் கல்லெறி எந்திரம்) எங்கே கட்ட வேண்டுமோ அங்கே சதுரம். ஆரோ கார்ட் எட்டும் இடத்தில் எக்ஸ்: அங்கே நிற்காதே. மெஸ்மர் என்ற மாயவித்தைக்காரன் போர்ட்டல் (தாவிச் செல்லும் வாசல்) திறக்கப்போகும் இடத்தில் முக்கோணம். சுவர் விழும்வரை எல்லோரும் பதுங்க வேண்டிய மறைவில் இதயம். இந்த ஐந்தையும் போட எனக்கு எடுக்கும் நேரம், இதையே வாயால் விளக்க எடுக்கும் நேரத்தில் கால்வாசிகூட இல்லை. எந்த உருவத்துக்கு என்ன அர்த்தம் என்று ஆட்டம் சொல்லித் தருவதில்லை. இவை எங்கள் கில்ட் வழக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலிருந்து வருகிறவர்களுக்கு மண்டையோடு என்றால் "முதலில் இதைக் கொல்" என்று ரத்தத்தில் ஊறியிருக்கும். இங்கே மண்டையோடே கிடையாது, வந்த புதிதில் தவிப்பார்கள். ரெண்டு வெள்ளிக்கிழமையில் பழகிவிடும்.

நாமாக ஊன்றாத மார்க்கர்களும் மேப்பில் உண்டு. அவற்றைப் படிக்கத் தெரியாதவன் டேக் போடவே கூடாது. ஒரு கோட்டையின் கதவையோ சுவரையோ யாராவது தட்டினால் அதன் மேல் குறுக்கு வாள் சின்னம் விழும். பெரிய கும்பல்கள் மோதினால் ஆரஞ்சு வாள். எதிரியும் இதே மேப்பைத்தான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதனால் ஸ்டோன்மிஸ்டுக்குப் போகும் முன் ரெண்டு பேரை வேறு மூலைக்கு அனுப்பி அவனுடைய டவர் கதவை நாலு தட்டு தட்டச் சொல்வேன். அங்கே வாள் விழுந்ததும் காவலுக்கு இருக்கும் கும்பல் அந்தப் பக்கம் ஓடும். அவனுடைய கீப்பைத் தட்டினால் இன்னும் விசேஷம்: தாக்கப்படும் கீப்பின் வேபாயின்ட் (மேப்பிலிருந்து நேராகத் தாவி வரும் இடம்) வேலை செய்யாது, திரும்பி வர நடந்துதான் ஆக வேண்டும். போகிற வழியில் சென்ட்ரி (வழிக் காவலன்) பக்கம் ஒதுங்கினால் நம் தலையிலேயே முத்திரை குத்திவிடும், எதிரி மேப்பில் சிவப்புப் புள்ளியாகத் தெரிவோம். ஸ்குவாடில் ஒரே ஒருவன் தூங்கிக்கொண்டே சென்ட்ரியை உரசிவிட்டுப் போனாலும் அவ்வளவு நேரம் போட்ட திட்டமும் போச்சு.

இவ்வளவு தூரம் புகழ்ந்தாயிற்று. இப்போது வயிற்றெரிச்சல்.

ஷிப்டைப் பிடித்துக்கொண்டு மினிமேப்பில் கிளிக் செய்தால் பிங் (ஸ்குவாடுக்குத் தெரியும் ஒரு குறி) விழும். அப்படியே மவுஸை இழுத்தால் கோடு விழும், சில நொடிகளில் தானாக மறைந்துவிடும். படை போக வேண்டிய பாதையைக் காட்ட இதைவிட நல்ல வசதி கிடையாது. "இந்தச் சுவரைச் சுற்றி, பின்பக்கமாக, அப்புறம் இங்கே" என்பது ஒரே இழுப்பு. ஆனால் இந்த வசதி எனக்கு மட்டும் இல்லை, ஸ்குவாடில் இருக்கிற அத்தனை பேருக்கும் உண்டு. ஐம்பது பேர் கையிலும் சாக்பீஸ் கொடுத்துவிட்டு ஒருவனைப் பாடம் நடத்தச் சொன்னால் எப்படி இருக்கும்?

போன ரீசெட் இரவில் நடந்தது இது. ஸ்டோன்மிஸ்ட் வெளிச்சுவர் நொறுங்கிவிட்டது. உள்ளே நுழைந்து வலப்பக்கமாகச் சுற்றி உள்சுவருக்குப் போக வேண்டும். இடப்பக்கம் ஆரோ கார்ட் வரிசை. நான் கோடு இழுக்கிறேன். அதே நொடியில் எவனோ ஒரு புண்ணியவான் அதன் மேலேயே ஒரு குச்சி மனிதனை வரைகிறான். அதோடு விட்டானா? அதற்குத் தொப்பி. இன்னொருத்தன் பக்கத்தில் வேறு ஒன்று வரைகிறான். அது என்ன என்று இங்கே எழுத முடியாது. என் கோடு எது, தொப்பியின் விளிம்பு எது என்று தெரியாமல் பாதி ஸ்குவாட் இடப்பக்கம் போய் வரிசையாக விழுந்தது. ஸ்குவாட் சாட்டில் ஒரே சிரிப்பு. நானும் "ஹாஹா" போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ரெண்டு பேரையும் கிக் செய்தேன். அடுத்த வாரம் வேறு ரெண்டு பேர் வருவார்கள். வரைகிறவன் எந்தக் காலத்திலும் தீர்ந்துபோவதில்லை.

கேடபல்ட் கட்டி முடிய ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டியிருக்கும்போது வரைந்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை, சில நேரம் ரசித்ததும் உண்டு. எதிரி வருவதைச் சாரணன் பிங் அடித்துச் சொல்வதும் இதே வசதியால்தான். எல்லோரிடமிருந்தும் பிடுங்கிவிட்டால் அவன் கண்ணும் போய்விடும். அதெல்லாம் தெரிகிறது. இருந்தாலும் சுவர் விழும் அந்தப் பத்து நொடி கிறுக்குகிறவனை மன்னிக்க என்னால் ஆகாது.

மாடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்க்கர் கர்சர் இருக்கும் இடத்தில் ஊன்றும், ஆனால் மினிமேப்பில் பார்க்கிறவனுக்கு அது மேல்தளமா கீழ்த்தளமா என்று தெரியாது. ஸ்டோன்மிஸ்டில் லார்ட் இருக்கும் அறையில் சுழல் குறியைப் போட்டால் நாலைந்து பேர் அதற்கு நேர் கீழே நின்று "எங்கே, எங்கே" என்பார்கள். 2015இல் வந்த டெசர்ட் பார்டர்லேண்டில் இன்னும் மோசம். பள்ளம், மேடு, பாலம், சுரங்கம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. அந்த மேப்புக்குப் போனால் நான் மார்க்கரை நம்புவதில்லை, "என் பின்னால் வாங்க"தான்.

தலைக்கு மேல் இருக்கும் டேக் எதிரிக்குத் தெரியாது என்பதையும் பெரிதாக நம்பாதீர்கள். நாற்பது பேர் ஒரே ஆளைச் சுற்றி ஈ மாதிரி மொய்த்துக்கொண்டு நகர்ந்தால், நடுவில் இருப்பவன் யார் என்று கண்டுபிடிக்கச் சின்னம் எதற்கு? அனுபவமுள்ள எதிரி கில்ட் என்னைத்தான் முதலில் சாய்க்கும். ரெண்டாவது அக்கவுண்டில் நம் அணிக்குள்ளேயே நுழைந்து, டேக் எங்கே போகிறது என்று பார்த்துத் தன் ஆட்களுக்குச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களை ஒன்றும் செய்ய முடியாது. கதவு தட்டும் ஆட்களைக் கொஞ்சம் கூடுதலாக அனுப்பிக் குழப்பலாம், அவ்வளவுதான்.

செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள். 300 தங்கம் நுழைவுக் கட்டணம் மட்டுமே. டேக் போட்டவன் கையில்தான் கேடபல்ட், ராம் (கதவு இடிக்கும் எந்திரம்) ப்ளூபிரின்ட் எல்லாம் இருக்கும் என்று ஸ்குவாடே எதிர்பார்க்கும். இல்லை என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஜெயித்தால் "நல்ல ஃபைட்" என்பார்கள். தோற்றால் டீம் சாட்டில் என் பரம்பரையையே இழுப்பார்கள், அதுவும் நாலு மொழியில். புரியாததால் பாதி திட்டு மிச்சம். இங்கிருந்து சர்வருக்கு இணையத் தாமதம் (இதற்கும் பெயர் பிங்தான்) எப்போதும் 150 மில்லிசெகண்டைச் சுற்றித்தான் நிற்கும். நான் ஸ்டெபிலிட்டி (தூக்கி வீசப்படாமல் காக்கும் வித்தை) கேட்கும் நொடியில் ஐரோப்பாவில் இருப்பவன் ஏற்கெனவே தூக்கி வீசப்பட்டிருப்பான். அதற்கும் திட்டு எனக்குத்தான்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். லெஜண்டரிக்கே வைத்துக்கொள். டேக் இல்லாமல் பின்னால் ஓடி, கேட்ட இடத்தில் நின்று, சொன்ன நேரத்தில் அடித்து, ரெண்டு மணிக்கு நிம்மதியாகப் படுக்கலாம். ஐம்பது பேர் பாரத்தை 300 தங்கம் கொடுத்து வாங்கிக் கொள்கிறவனுக்குக் கொஞ்சம் கிறுக்கு இருக்க வேண்டும். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு என் பதில் இதுதான்.

இந்த வெள்ளிக்கிழமை எங்கள் பார்டர்லேண்ட் மேப்பில் கேரிசன் கோட்டையைக் காக்க நான்தான் டேக். நீல நிறம், ஸ்குவாட் எல்லோருக்கும் திறந்திருக்கும், 11:15க்கே வந்துவிடுங்கள், சப்ளை நிரப்ப நேரம் வேண்டும். அடுத்ததாகப் பூனை முகம் போட்ட டேக்குக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அது கைக்கு வந்ததும் படம் போடுகிறேன். மினிமேப்பில் வரைகிறவர்கள் தயவுசெய்து வேறு ஸ்குவாட் பார்த்துக்கொள்ளவும்.