ஒற்றைத் தோட்டா ரைஃபிளும் ஒரு திருகாணியும்: ஏழு வருஷ அனுபவம்

என் ரைஃபிளின் முன்கட்டையின் (குழலுக்கு அடியில் கை தாங்கிப் பிடிக்கும் மரத்துண்டு) அடியில் ஒரே ஒரு திருகாணி இருக்கிறது. ஏழு வருஷத்தில் இந்த ரைஃபிளில் நான் அதிகம் திட்டியது அதைத்தான். போன மாதம் ஒருவழியாக ரிப்பேர் பார்த்து வாங்கி வந்தேன். வந்த இரண்டாம் நாளே அலுவலகத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற மாதிரியே ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வந்திருக்கு. இருநூறு டாலர் குறைச்சிருக்கான். எடுத்துரலாமா?"

வாட்ஸப்பில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என்ன துப்பாக்கி என்று அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: ஜான் பிரவுனிங் 1879-இல் காப்புரிமை பெற்று, வின்செஸ்டர் கம்பெனி 8,000 டாலருக்கு வாங்கி, 1885 மாடல் என்று விற்ற அமைப்பின் இன்றைய நகல். எட்டுப்பட்டைக் குழல், 28 அங்குலம். .45-70 தோட்டா. மேகசின் (தோட்டாக்களைச் சேர்த்து வைக்கும் அறை) கிடையாது. கீழே இருக்கும் லீவரை இறக்கினால் ஒரு எஃகுக் கட்டை செங்குத்தாகக் கீழே போகும், குழலின் பின்வாய் திறக்கும், ஒரு தோட்டாவைக் கையால் வைத்து மூட வேண்டும். அவ்வளவுதான். இந்த நகலைத் தயாரித்தது யார் என்று கேட்காதீர்கள். பெயர் சொல்லித் திட்டும் அளவுக்குக் கோபம் இல்லை.

சரி, திருகாணிக்கு வருவோம்.

முன்கட்டை வால்நட் மரம். அதைக் குழலோடு பிடித்து வைப்பது இந்த ஒரு திருகாணிதான். செப்டம்பரில் 100 கெஜத்தில் காகிதக் குறியை வைத்துச் சுட்டால், மூன்று தோட்டாவும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழும். இதைவிட அழகாக எனக்குச் சுட வராது. அதே துப்பாக்கி, அதே தோட்டா, டிசம்பர் முதல் வாரம்: மூன்றரை அங்குலம் மேலே. முதல் வருஷம் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மேல் சந்தேகப்பட்டேன். ஒரு கடையில் காட்டினேன். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் சரியில்லை என்று புதிதாகப் போட்டு, நூற்று இருபது டாலர் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த டிசம்பரில் மறுபடி மூன்று அங்குலம் மேலே.

காரணம் பிறகுதான் புரிந்தது. நான் வேட்டைக்குப் போகும் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் நவம்பர் கடைசியில் நன்றியளிப்பு நாள் முடிந்த திங்கட்கிழமை தொடங்கி ஏழு நாள். அந்த வாரம் பாதி மழை, பாதி ஈரப்பனி. மரம் ஈரம் குடித்து உப்புகிறது. உப்பிய மரத்தைத் திருகாணி குழலோடு இழுத்துப் பிடிக்க, மரம் குழலை அடியிலிருந்து நெம்புகிறது. சுடும்போது குழல் அதிரும் விதம் மாறுகிறது. தோட்டா வேறு இடத்துக்குப் போகிறது. திருகாணியைக் கால் சுற்று தளர்த்தினால் கீழே இறங்கும், இறுக்கினால் ஏறும். கடைசியில் மனைவியின் நகப்பூச்சை எடுத்து, திருகாணித் தலையிலும் பக்கத்து மரத்திலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்தேன். கோடு விலகாமல் இருந்தால் திருகாணி நகரவில்லை என்று அர்த்தம். ஆனால் மரம் நகர்வதற்குக் கோடு போட முடியவில்லையே.

மூன்றாவது வருஷம், வின்டன் கவுண்டியில் ஒரு நண்பருடைய காட்டில் ஒரு ஆண் மானைத் தவறவிட்டேன். எண்பது கெஜம் இருக்கும். தோளுக்குப் பின்னால் கொஞ்சம் மேலே வைத்தேன். வெடித்தது, மான் துள்ளிக்கொண்டு போய்விட்டது. நின்ற இடத்தில் போய்ப் பார்த்தால் ஓக் சருகின் மேல் ஒரு சிட்டிகை முடி. அடியில் சாம்பல், நுனியில் கறுப்பு: முதுகு முடி. ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. இருந்தாலும் இரண்டு மணி நேரம் தடம் பார்த்துப் போனேன். அது செய்தே ஆக வேண்டிய வேலை. குளம்படி ஒரே சீராக ஓடைக்கு இறங்கி, அக்கரையில் ஏறி, மேட்டைத் தாண்டிப் போயிருந்தது. நியாயமாகச் சொன்னால் என் கையும் ஆடியிருக்கலாம். ஆனால் அன்று இரவு வீட்டுக்கு வந்து நான் உட்கார்ந்து முறைத்தது என் கையை இல்லை.

இப்போது ரிப்பேர் பார்த்தவர் வயதானவர், வீட்டு கராஜில் வேலை செய்பவர். முன்கட்டையைக் கழற்றி உள்பக்கத்தை என்னிடம் நீட்டினார். வெளியே கண்ணாடி மாதிரி பாலிஷ். உள்ளே வெறும் மரம்! ஒரு பூச்சுகூட இல்லை. ஏழு வருஷமாக அது ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கமாகத்தான். குழலைத் தொடும் இடங்களைச் சுரண்டி இடைவெளி விட்டார், உள்பக்கம் மூன்று தடவை பூச்சு கொடுத்தார், திருகாணி சேரும் இடத்தில் ஒரு சிறு ரப்பர் வளையம் வைத்தார். தொண்ணூறு டாலர். தொழிற்சாலையில் ஒரு ஆள் பிரஷ்ஷை இரண்டு நிமிஷம் உள்ளே ஓட்டியிருந்தால் எனக்கு அந்த மானும் நூற்று இருபது டாலரும் மிச்சம்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இத்தனை வருஷம் விற்கவில்லை என்று தம்பி கேட்பான்.

அதற்கு முதல் காரணம் ஒரு சத்தம். லீவரை மேலே தூக்கி மூடும்போது எஃகுக் கட்டை தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம். எங்கள் பாட்டி வீட்டில் ஒரு பழைய திண்டுக்கல் பூட்டு இருந்தது. சாவியைத் திருப்பினால் உள்ளே ஏதோ கனமான ஒன்று ஒரே ஒரு தடவை நகரும். அதற்குப் பிறகு இழுத்துப் பார்க்கத் தோன்றாது. அந்த மாதிரி. என் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் (பின்பக்கத் தண்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) இது இல்லை.

இரண்டாவது, நீளம். போல்ட் முன்னும் பின்னும் ஓட இடம் தேவையில்லாததால், 28 அங்குலக் குழல் இருந்தும் மொத்த நீளம் 24 அங்குலக் குழல் போட்ட போல்ட் ரைஃபிள் அளவுதான். எடை கூடுதல்தான், அதை மறைக்கவில்லை. மேட்டில் ஏறும்போது தோள்பட்டை சொல்லும். ஆனால் மரத்தில் சாய்ந்து நின்று தூக்கிப் பிடித்தால் அந்தக் கனமான குழல் ஆடாமல் நிற்கும்.

மூன்றாவதுதான் முக்கியம், அதைச் சொல்வதுதான் கஷ்டம். ஒரே தோட்டா என்றால் எல்லாரும் உடனே "தப்பிவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். ஒஹையோவில் மான் சீசனில் இந்த மாதிரித் தோட்டா போடும் எந்த ரைஃபிளிலும் மொத்தமே மூன்று தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது. 2014-இல்தான் நேர்சுவர்க் கூடு கொண்ட (.45-70 போல, கழுத்து குறுகாத) தோட்டா போடும் ரைஃபிள்களை மானுக்கு அனுமதித்தார்கள். அதுவரை ஷாட்கன், குழலின் வாய்வழி வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, கைத்துப்பாக்கி மட்டும். ஆக, பக்கத்து மேட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் எனக்கும் வித்தியாசம் இரண்டு தோட்டா. அந்த இரண்டும் பெரும்பாலும் ஓடுகிற மானின் பின்னால்தான் போகின்றன; ஒவ்வொரு சீசனிலும் டம் டம் டம் என்று மூன்று சத்தம் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த வீட்டில் அன்று மான் கறி இல்லை என்று எங்கள் குழுவில் சிரிப்போம்.

ஒரு தோட்டாதான் என்று தெரிந்தால் உடம்பே வேறு மாதிரி உட்காருகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை. சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பிருந்து சுடலாம் என்பது சட்டம், நான் அதற்கும் முன்பே போய் ஒரு வெள்ளை ஓக் அடியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழே முக்காலுக்கு ஒரு ஆண் மான் ஓடைப் பக்கமிருந்து வந்தது. எழுபது கெஜத்தில் நின்றது. நடுவில் ஒரு சின்ன பீச் மரம். டிசம்பரிலும் இலை உதிர்க்காத அந்த வெளுத்த இலைகள் மானின் தோளை மறைத்தன. போல்ட் ரைஃபிள் கையில் இருந்திருந்தால் இலையின் ஊடாக முயற்சி செய்திருப்பேன், என் புத்தி எனக்குத் தெரியும். அன்று சுடவில்லை. குதிரையைப் பின்னுக்கு இழுத்த விரலை எடுக்காமல் கொக்கு மாதிரி உட்கார்ந்திருந்தேன். (துப்பாக்கியின் சுத்தியலை ஊரில் குதிரை என்றுதான் சொல்வோம், இந்த ரைஃபிளில் அது வெளியே தெரிகிற பழைய வகை.) மான் ஒரு ஓக் கொட்டையைக் கடித்தது. அந்த 'கறுக்' எனக்குக் கேட்டது. நான்கு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ. அப்புறம் இரண்டு எட்டு முன்னால் வைத்தது. விழுந்த இடம் அது நின்ற இடத்திலிருந்து இருபது அடி.

அந்தப் பித்தளைக் கூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். தேதி எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் ஐந்து கூடுகள் அலமாரியில் நிற்கின்றன, ஒன்று மட்டும் படுத்திருக்கிறது. அது மூன்றாவது வருஷத்துக் கூடு.

தாத்தா சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. நத்தம் பக்கம் எங்கள் வயலுக்கு நாட்டுத் துப்பாக்கியோடு ஒரு நரிக்குறவர் வருவாராம். மருந்து கெட்டித்து, ரவை போட்டு, மறுபடி கெட்டிக்க எவ்வளவு நேரம்! அதனால் வரப்பில் உட்கார்ந்தால் மனிதன் உட்கார்ந்திருப்பதே தெரியாதாம். 1972 வனவிலங்குச் சட்டம் எல்லாம் வருவதற்கு முந்தைய கதை. தாத்தா அதைப் பொறுமை என்று சொல்லவில்லை. "அவன்கிட்ட மருந்து கொஞ்சம்தான்டா இருந்துச்சு" என்பார்.

குறைகள் இன்னும் உண்டு. ஸ்கோப் மாட்டினால் அதற்கும் குதிரைக்கும் நடுவில் கட்டைவிரல் நுழையாது. பக்கவாட்டில் நீளும் ஒரு துண்டை வாங்கித் திருகிக்கொள்ள வேண்டும், அது குளிர்கோட்டின் துணியில் மாட்டும். உறை போட்ட கையில் இரண்டாவது தோட்டா நழுவும். நான் இடது கையின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒன்றை இடுக்கி வைத்துப் பழகியிருக்கிறேன், இருந்தும் ஒரு தடவை சருகுக்குள் விழுந்து தேடியிருக்கிறேன். தோட்டா ஒரு பெட்டி இருபது, ஐம்பது டாலரை ஒட்டி வருகிறது.

.45-70 என்பது 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த தோட்டா. 45 என்பது அங்குலத்தில் நூறில் நாற்பத்தைந்து பங்கு விட்டம், 70 என்பது கரிமருந்து 70 கிரெயின் (எடை அளவு). அந்தக் காலத்து 405 கிரெயின் குண்டை 100 கெஜத்துக்குக் குறி வைத்தால் 200 கெஜத்தில் ஏறக்குறைய இரண்டு அடி கீழே விழும். வயல்வெளியில் தூரத்து மானைச் சுடும் ஆசை இருந்தால் இது அதற்கில்லை. நான் 150 கெஜத்தைத் தாண்டுவதில்லை. இன்னொன்று: தோட்டாவை வீட்டில் தானே நிரப்புபவர்கள் கவனிக்கவும். மருந்து அளவுப் புத்தகங்களில் இந்தத் தோட்டாவுக்கு மூன்று தனிப் பட்டியல் இருக்கும்: பழைய ராணுவத் துப்பாக்கிக்கு ஒன்று, லீவர் ரைஃபிளுக்கு ஒன்று, எஃகுக் கட்டை இறங்கும் வகையில் உறுதியான நவீன ரைஃபிள்களுக்கு ஒன்று. மூன்றாவதை முதலாவதில் போட்டால் துப்பாக்கியும் போகும், முகமும் போகும். பொருந்துகிற துப்பாக்கியிலேயே சுட்டாலும் தோள் இரண்டு நாள் பேசாது. நான் நடுப் பட்டியலில் நின்றுவிட்டேன்.

தம்பிக்கு இன்னொரு விஷயம். நீ விசாவில் இருக்கிறாய். விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள இங்கே கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. அந்த உரிமத்துக்கு முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். கடைக்குப் போவதற்கு முன்னால் அதை முடி.

கடைசியில் என் பதில்: வேண்டாம்ப்பா. முதல் துப்பாக்கியாக இதை வாங்காதே. இரண்டாவதாகவும் வாங்காதே. அந்தக் காசில் நல்ல போல்ட் ஆக்‌ஷன் வரும், மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கட்டை போட்டது. மழையில் நனைந்தாலும் குறி மாறாது, ஸ்கோப்புக்குக் கீழே விரல் நுழையும், மூன்று தோட்டாவும் போட்டுக்கொள்ளலாம். என்னிடமே ஒன்று இருக்கிறது. நாலு சீசனாக அலமாரியை விட்டு எடுக்கவில்லை, வேண்டுமென்றால் அதையே பாதி விலைக்குத் தருகிறேன்.

போன சனிக்கிழமை மழையில் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய் வேண்டுமென்றே ரைஃபிளை ஒரு மணி நேரம் வெளியில் சாய்த்து வைத்துவிட்டுச் சுட்டேன். முக்கால் அங்குலம் மேலே. ரப்பர் வளையம் வேலை செய்கிறது. நகப்பூச்சுக் கோடும் நகரவில்லை. ஆனால் ஒரு மணி நேர மழையும் ஏழு நாள் ஈரமும் ஒன்றா? டிசம்பர் வரட்டும், அதுவரை இந்தத் திருகாணியை நம்புவதாக இல்லை.

அந்தக் கடைக்கு மறுபடி போனாயானால், அங்கே இருக்கிற துப்பாக்கியின் முன்கட்டையைக் கழற்றி உள்பக்கம் பார்க்க விடுவார்களா என்று கேட்டுச் சொல். பூச்சு இருந்தால் எனக்குப் போன் பண்ணு, கடைக்காரரிடம் சாயந்திரம் வரைக்கும் எடுத்து வைக்கச் சொல்லு.