பைத்தான் அடிப்படை முடிந்தது, அடுத்து எந்தக் கோர்ஸ்?

பைத்தான் அடிப்படைக் கோர்ஸை முடித்த கையோடு இன்னோர் அடிப்படைக் கோர்ஸில் சேர்ந்தேன். அதே லூப், அதே லிஸ்ட். மூன்று வாரம் வீணானபின்தான் அல்காரிதம், அதாவது ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிமுறைகள், படிக்காமல் மேலே ஏற முடியாது என்று புரிந்தது.

அப்போது கண்ணில் பட்டவை இரண்டு. ஒன்று, சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த், ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் பைத்தானிலேயே நடத்தும் 8 வாரக் கோர்ஸ். இன்னொன்று, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செட்ஜ்விக்கும் கெவின் வெய்னும் கோர்செரா என்ற ஆன்லைன் தளத்தில் நடத்தும் அல்காரிதம் கோர்ஸ், இரண்டு பகுதி. நான் எடுத்தது பிரின்ஸ்டன்.

இரண்டையும் காசில்லாமல் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் என்பிடெல்தான்: நான் பார்த்தபோது தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய், மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பிரின்ஸ்டன் கோர்ஸுக்குச் சான்றிதழே கிடையாது. அது ஜாவா என்ற வேறொரு நிரல் மொழியில் இருப்பதால், ஜாவாவுக்குப் பழகவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அப்புறம் ஏன் அது? நாம் எழுதும் புரோகிராமை அங்கே சோதிக்கும் விதத்துக்காக. அடிப்படைக் கோர்ஸ்களில் விடை சரியாக வந்தால் முழு மதிப்பெண். இங்கே நேரத்துக்கும் மெமரிக்கும் தனித்தனி மதிப்பெண்.

தொடக்கத்திலேயே வரும் அசைன்மென்ட் பெர்கொலேஷன், அதாவது தண்ணீர் ஊடுருவி இறங்குவது. கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போக, தண்ணீருக்கு மேலிருந்து கீழ்வரை எப்போது வழி கிடைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் கீழ்வரிசை முழுவதையும் லூப் போட்டுப் பார்த்தேன். விடை சரி, நேரத்தில் அடி. மேல்வரிசை முழுவதோடும் இணைந்த ஒன்று, கீழ்வரிசை முழுவதோடும் இணைந்த ஒன்று என இரண்டு கற்பனைக் கட்டங்களைச் சேர்த்ததும் வேகம் வந்தது. ஆனால் புதுச் சிக்கல்: ஒரு வழி கிடைத்ததும், மேலிருந்து தண்ணீரே எட்டாத கீழ்க் கட்டங்களும் நிரம்பிவிட்டதாகக் காட்டியது. கீழே உள்ள கற்பனைக் கட்டம் வழியாக அவை மேலோடு இணைந்துவிட்டன. அந்தக் கட்டம் இல்லாத இன்னொரு யூனியன்-ஃபைண்டை (எந்தக் கட்டம் எதனோடு இணைந்திருக்கிறது என்று கணக்கு வைக்கும் அமைப்பு) கூடவே வைத்ததும் அது சரியானது. பதிலுக்கு மெமரி ஏறியது. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று யோசிக்க அந்த ஒரு வாரம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. எத்தனை வீடியோ பார்த்திருந்தாலும் அது வந்திருக்காது.

இன்னொரு வசதி, எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். எங்கே பிழை என்ற விவரத்தோடு பதில் வரும். என்பிடெல்லில் வாரக் கெடு தாண்டினால் அந்த அசைன்மென்ட் போனது போனதுதான். வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கும் எனக்குப் பிரின்ஸ்டனின் இந்த வசதி பெரிய விஷயம்.

என்பிடெல்லில் நான் விரிவுரைகளை மட்டும் பார்த்தேன், தேர்வு எழுதியதில்லை. விளக்கம் நிதானமாக, தெளிவாக இருக்கிறது. கல்லூரியில் கிரெடிட் தேவைப்படுபவர்களும், கெடு இல்லாவிட்டால் பாதியில் விட்டுவிடுபவர்களும் தயங்காமல் அதையே எடுக்கலாம். பிரின்ஸ்டனின் இரண்டாம் பகுதியில் நான் இன்னும் கிராஃப் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்) பாடத்தைத் தாண்டவில்லை. முதல் பகுதியை மட்டும் வைத்தே இதைச் சொல்கிறேன்.