தனியே வசிக்கும் பெற்றோர் வீட்டுக் குளியலறைக்கு எது: ஒட்டும் கைப்பிடியா, திருகும் கைப்பிடியா?

முதியோர் விழாமல் இருக்க என்ன வாங்கலாம் என்று தேடினால், சுவரில் அழுத்தி ஒட்டும் பிளாஸ்டிக் கைப்பிடிதான் முதலில் வந்து நிற்கும். துளை போட வேண்டாம், ஆள் கூப்பிட வேண்டாம், ஐந்து நிமிட வேலை. வெளியூர்ப் பிள்ளைகள் ஆர்டர் போட்டு அனுப்புவதும் பெரும்பாலும் இதைத்தான். விழுகிற நேரத்தில் கையோடு பெயர்ந்து வருவதும் இதுதான்.

ரப்பர் கிண்ணத்துக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவதால் வரும் பிடி இது. விளிம்பில் மயிரிழை வழி கிடைத்தாலும் காற்று உள்ளே போய்விடும். டைல்ஸ் இணைப்புக் கோடு, சொரசொரப்பான டைல்ஸ், போர்வெல் தண்ணீர் விட்ட உப்புப் படலம் என்று நம் குளியலறைகளில் அந்த வழிக்குப் பஞ்சமில்லை. காலையில் கெட்டியாக இருந்தது மாலையில் தளர்ந்திருக்கும், பார்த்தால் தெரியாது. துண்டு போடும் கம்பியும் இதே ரகம்தான். ஆளின் எடையைத் தாங்க அது செய்யப்படவில்லை.

திருகிப் பொருத்தும் எவர்சில்வர் கம்பிக்கு ஈடு இல்லை, சரியாகப் பொருத்தினால். கம்பியின் விட்டம் 32 முதல் 38 மி.மீ., சுவரிலிருந்து இடைவெளி 38 மி.மீ. இடைவெளி கூடினால் வழுக்கும் கை உள்ளே நுழைந்து சிக்கி எலும்பு முறியலாம். பெட்டியோடு வரும் குட்டைத் திருகுகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். டைல்ஸ், அதன் அடிக் கலவை, பூச்சு எல்லாம் சேர்ந்தே ஒன்றரை அங்குலம் வரை வரும். குட்டைத் திருகு செங்கல்லைத் தொடவே தொடாது. குறைந்தது 3 அங்குலத் துருப்பிடிக்காத திருகும் சுவர்த் துளைக்குள் செருக அதற்கேற்ற நீளப் பிளக்கும் வேண்டும். டைல்ஸைத் துளைக்கும்வரை டிரில்லில் ஹாமர் (இடித்துத் துளைக்கும் முறை) கூடாது, விரிசல் விடும். குழாய்க்கு நேர் மேலேயும் கீசர் வயர் போகும் பாதையிலும் துளைக்காதீர்கள். துளையில் சிலிகோன் சீலன்ட் நிரப்பித் திருகினால் தண்ணீர் இறங்காது. எடை குறைந்த ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் உள்ள கான்கிரீட் கல்) சுவரில் சாதாரணப் பிளக் நிற்காது. அதற்கென்று தனி ஆங்கர் உண்டு. வேலை முடிந்ததும் திடகாத்திரமான ஒருவர் முழு எடையும் போட்டுத் தொங்கிப் பார்க்க வேண்டும். அசைந்தால் மறுபடி பொருத்தச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

டாய்லெட் பக்கம் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் படுக்கைவசக் கம்பி, கதவை ஒட்டி நிலைப்படி தாண்ட ஒரு செங்குத்துக் கம்பி. பணமிருந்தால் குளிக்கும் இடத்தில் மூன்றாவது.

வாடகை வீடு, துளைக்க விடமாட்டார்கள் என்றால் ஒட்டும் கைப்பிடிக்குப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் கைவைக்கும் கம்மோடு நாற்காலியின் வாளியைக் கழற்றிவிட்டு வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மேல் நிறுத்தலாம். இருக்கையும் உயரும், எழ ஊன்றவும் இடம் கிடைக்கும். குளிக்க பிளாஸ்டிக் முக்காலியைவிட ரப்பர் அடிவைத்த, கைப்பிடியுள்ள நாற்காலி மேல். மலிவு பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் ஈரத்தில் விரிந்து சரியும்.

தரைக்கு வருவோம். அடியில் குட்டிக் கிண்ணங்கள் உள்ள ரப்பர் விரிப்பு வழவழப்பான குளியல் தொட்டிக்காகச் செய்யப்பட்டது. சொரசொரப்பான தரையில் அது ஒட்டாமல் நகரும், அடியில் பாசி பிடிக்கும், ஓரம் சுருண்டு காலைத் தடுக்கும். கனமான, தண்ணீர் வடியும் வலை விரிப்பு தேவலாம். வாரம் ஒருமுறை தூக்கித் தேய்க்க ஆள் இருந்தால். தரையில் பூசிக் கழுவும் வழுக்கல் தடுப்புத் திரவம் செராமிக் டைல்ஸில் நுண்துளை உண்டாக்கி ஈரத்தில் பிடி தரும். ஆனால் சோப்புப் படலம் அந்தத் துளைகளை அடைத்துவிடும். எண்ணெய்க் குளியல் நாளில் இவை எதையும் நம்ப முடியாது. உட்கார்ந்து குளித்து, தரையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே எழ வேண்டும்.

கைத்தடியா, நான்கு கால் தடியா, வாக்கரா? ஒரு முழங்கால் மட்டும் வலித்தால் சாதாரணக் கைத்தடி போதும், வலிக்காத பக்கக் கையில். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வர வேண்டும். அடி ரப்பர் வழவழவென்று தேய்ந்த தடி, தடி இல்லாததைவிட ஆபத்து. நான்கு கால் தடி நிற்பதற்கு நல்லது. நான்கு காலும் ஒன்றாகப் பதியாவிட்டால் ஆடும், குறுகிய படியில் பாதி அந்தரத்தில் நிற்கும். சக்கரமில்லாத வாக்கரை ஒவ்வொரு அடிக்கும் தூக்க வேண்டும். பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம் உள்ளவர்கள் அப்படித் தூக்கும்போது பின்னால் சாய்ந்துவிடுவதுண்டு. சக்கரம் உள்ளதே அவர்களுக்கு. வாங்குமுன் குளியலறைக் கதவின் அகலத்தை அளந்துவிடுங்கள், பல வீடுகளில் வாக்கர் வாசலோடு நின்றுவிடும்.

இத்தனை பொருளையும் வாங்கிவிட்டோம் என்று உடற்பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பு, பயிற்சியால் விழுவது ஏறத்தாழ 23% குறைவதாகச் சொல்கிறது. வெறும் நடைப்பயிற்சிக்கு அந்தப் பலன் உண்டென்று தெளிவான சான்று இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்தல், சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல், ஒரு பாதத்துக்கு முன் மறுபாதம் வைத்து நிற்றல் என்று சமநிலைக்கும் கால் வலுவுக்குமான பயிற்சிகள் வேண்டும். வாரம் மூன்று நாள், விடாமல்.

மாத்திரையையும் பாருங்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்று 1, 3 நிமிடங்களிலும் ரத்த அழுத்தம் அளந்து, மேல் அளவு 20 குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை இரண்டையும் குறிப்பாகச் சொல்லுங்கள். தாமாக நிறுத்தக் கூடாது.

கடைசியாக, கழுத்தில் மாட்டும் அவசர பொத்தானா, தாழ்ப்பாள் மாற்றமா? பொத்தானைக் குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, வெளியிலிருந்தும் திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போட்டு, வாசல் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். பொத்தான் அதற்குப் பிறகு.