விற்பனைச் சான்றிதழ் புதுப்பித்தல்: எங்கள் நகராட்சியின் சேவை குறித்து ஒரு மதிப்புரை

சாலையோர வியாபாரி ஒருவரின் விற்பனைச் சான்றிதழைப் புதுப்பித்துத் தரும் சேவையை, முடிவில் சான்றிதழ் கிடைத்ததா என்பதை மட்டும் வைத்து எடைபோட முடியாது. பழைய சான்றிதழின் காலம் முடிந்த நாளுக்கும் புதியது கைக்கு வரும் நாளுக்கும் இடையில் அவர் எதைக் காட்டிக் கடை போடுகிறார் என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி. எங்கள் பகுதியில் மாலை நேரங்களில் தள்ளுவண்டியில் குழிப்பணியாரமும் அடையும் விற்கும் அம்மையாருக்குப் புதுப்பிப்பு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததிலிருந்து நகர விற்பனைக் குழுவின் முடிவு வரும்வரை உடன் இருந்தேன். அந்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். ஊரின் பெயரையும் அலுவலர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

இந்தச் சேவைக்கு அடிப்படை 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். அது அவ்வாண்டு மே 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுப்பதும், இடங்களைப் பற்றி முடிவெடுப்பதும், சான்றிதழுக்கு வழி செய்வதும் நகர விற்பனைக் குழுவின் பொறுப்பு. நகராட்சி ஆணையர் தலைமை வகிக்கும் இக்குழுவில் போக்குவரத்துக் காவல், சுகாதாரம், வணிகர் சங்கம், குடியிருப்போர் சங்கம், வங்கி ஆகிய தரப்புகளுக்கு இடம் உண்டு. உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல், வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குழுவில் அந்தப் பெண் பிரதிநிதிகள் பெயரளவில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

விண்ணப்பம் கொடுக்கும் சாளரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. படிவம் தமிழிலேயே இருந்தது. பழைய சான்றிதழ், அடையாள அட்டை, ஆதார், புகைப்படம், உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வணிகராகப் பதிவு செய்த சான்று ஆகியவற்றை இணைக்கச் சொன்னார்கள். தரைக்கடை வசூல் குத்தகைக்காரர் நாள்தோறும் கிழித்துக் கொடுக்கும் ரசீதுகளை அம்மையார் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். எழுத்தர் அவற்றைக் கேட்கவில்லை என்றாலும் மாதத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி நகல் எடுத்து இணைத்தோம். ஒரே இடத்தில் தொடர்ந்து வியாபாரம் நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. புதுப்பிக்கப் போகிற எவரும் இதைச் செய்வது நல்லது.

குறை தொடங்கியது ஒப்புகைச் சீட்டில். அது கையகலத் தாள். வரிசை எண்ணும் அலுவலக முத்திரையும் இருந்தன. எதற்கான விண்ணப்பம் என்பதோ, முடிவு வரும்வரை பழைய இடத்தில் வியாபாரத்தைத் தொடரலாமா என்பதோ அதில் ஒரு வரியாகக்கூட இல்லை. பழைய சான்றிதழின் காலம் முடிந்த பிறகு ஆக்கிரமிப்பு அகற்றும் பணியாளர்கள் வந்தபோது, அந்தச் சீட்டைப் பார்த்த மேற்பார்வையாளர், ‘இது வெறும் தபால் சீட்டும்மா, லைசன்ஸ் எங்கே?’ என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறு காண முடியவில்லை. சீட்டு அப்படித்தான் இருந்தது. அன்று மாவு கரைத்து வைத்த நிலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மறுநாள் அலுவலகத்துக்குப் போய், விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதம் கேட்டு வாங்கினோம். கடிதத்தைத் தட்டச்சு செய்து கையொப்பமிட்டுத் தர அவர்களுக்குச் சிறிது நேரமே பிடித்தது. அவ்வளவு எளிதில் தர முடிந்ததை முதல் நாளே ஒப்புகையில் அச்சிட்டுக் கொடுத்திருக்கலாம்.

இதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒவ்வொரு நகர விற்பனைக் குழுவும் வியாபாரிகளுக்கான சாசனம் ஒன்றை வெளியிட வேண்டும் என்றும், சான்றிதழ் எத்தனை நாளில் வழங்கப்படும், எத்தனை நாளில் புதுப்பிக்கப்படும் என்ற காலவரையறை அதில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களுக்கும் கட்டட அனுமதிக்கும் நாள் கணக்கு எழுதிய பலகை அலுவலக நுழைவாயிலில் பளிச்சென்று தொங்குகிறது. விற்பனைச் சான்றிதழ் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கோப்பில் இருக்கும் என்றார்கள். கோப்புக்குள் இருப்பதை வெளியிட்டதாகக் கொள்வது அலுவலகங்களுக்கே உரிய கற்பனை வளம்.

இனி குழு முடிவெடுத்த விதத்துக்கு வருகிறேன். இந்தச் சேவையில் என்னை வியக்க வைத்த பகுதி இதுதான். கூட்டத்துக்கு முன்பே சுகாதார ஆய்வாளரும் போக்குவரத்துக் காவலர் ஒருவரும் மாலையில், வியாபாரம் நடக்கும் நேரத்தில், இடத்துக்கு வந்து பார்த்தார்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து சாலை வளைவுக்கு உள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்தார்கள்; எரிவாயு உருளை எங்கே இருக்கிறது, கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். காலையில் வந்து வெறும் தரையைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றாது.

அம்மையாரின் விண்ணப்பத்துக்கு எதிராக வணிகர் சங்கத்தின் வழியாக ஓர் ஆட்சேபம் வந்திருந்தது. அருகிலுள்ள ஜவுளிக்கடையின் வாசலை, பணியாரம் வாங்க வருபவர்களின் இருசக்கர வாகனங்கள் அடைத்துவிடுகின்றன என்பது அதன் சாரம். கூடவே இரண்டு குற்றச்சாட்டுகளும் இருந்தன: அவர் வண்டியை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டார் என்பது ஒன்று, மகன் மாதச் சம்பளத்தில் வேலை பார்ப்பதால் அவருக்கு வேறு வருமானம் இருக்கிறது என்பது மற்றொன்று. சான்றிதழ் பெறுகிறவர் தானோ தன் குடும்பத்தினரோ வியாபாரம் செய்வதாகவும், தனக்கு வேறு பிழைப்பு இல்லை என்றும், சான்றிதழை வாடகைக்கு விடுவது உட்பட எவ்வகையிலும் பிறருக்கு மாற்றித் தரமாட்டேன் என்றும் உறுதி அளிக்க வேண்டும் என்று சட்டம் விதிப்பதால், இரண்டில் எது உண்மையானாலும் புதுப்பிப்பு சிக்கலாகியிருக்கும்.

ஆணையர் அம்மையாரை உள்ளே அழைத்து, உட்காரச் சொல்லி, ஆட்சேபத்தை வாசித்துக் காட்டிப் பதில் கேட்டார். உடல்நலம் குன்றியிருந்த மாதங்களில் தன் மகள்தான் கடையைக் கவனித்தாள் என்று அவர் சொல்ல, வியாபாரிகளின் பிரதிநிதியான பூக்காரப் பெண்மணி அதைத் தாம் நேரில் பார்த்ததாகச் சொல்லிக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வைத்தார். மகளின் உழைப்பு குடும்பத்தினரின் உழைப்பு என்பதால் அந்தக் குற்றச்சாட்டு அங்கேயே விழுந்தது. மகனின் சம்பளம் பற்றி உறுப்பினர்களிடையே சற்று நேரம் வாதம் நடந்தது. உறுதிமொழி சான்றிதழ் வைத்திருப்பவரின் பிழைப்பைப் பற்றியதே தவிர வளர்ந்த பிள்ளைகளின் வருமானத்தைப் பற்றியது அன்று என்று ஆணையர் முடித்து வைத்தார். எனக்கும் அதுவே சரியான வாசிப்பாகப் படுகிறது. இல்லாவிட்டால் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒவ்வொரு வியாபாரியும் அதற்கான தண்டனையாக உரிமத்தை இழக்க நேரிடும்.

வாகன நெரிசல் பற்றிய ஆட்சேபத்தை மட்டும் யாரும் எளிதில் தள்ளவில்லை, தள்ளவும் கூடாது. பேருந்து திரும்பும் வளைவு அது. போக்குவரத்துக் காவல் தரப்பு, வேறு தெருவுக்கே மாற்றிவிடலாம் என்றது. வேறு இடத்துக்கு மாற்றுவதென்றால் 18ஆம் பிரிவின்படி 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், புதுப்பிப்பு விண்ணப்பத்தின் போர்வையில் இடமாற்றம் செய்யக் கூடாது என்று வியாபாரிகள் தரப்பில் இன்னொரு பெண் உறுப்பினர் எழுந்து சொன்னார். இறுதியில், அதே சாலையில் வளைவைத் தாண்டி, கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி வண்டியை நிறுத்துவது, மூடியுள்ள குப்பைத் தொட்டி வைப்பது, கழிவுநீரைச் சாலையில் ஊற்றாமல் வாளியில் எடுத்துச் செல்வது, மாலை 4 மணிக்கு முன் வண்டியைக் கொண்டு வராமல் இருப்பது ஆகிய நிபந்தனைகளுடன் புதுப்பிக்க முடிவாயிற்று. பழைய வாடிக்கையாளர்களின் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் நகர்த்தியதை இடமாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஜவுளிக்கடையின் வாசலும் விடுபட்டது. அம்மையாரின் வியாபாரமும் கெடவில்லை.

ஆனால் இந்த நியாயம் அன்று அந்த நாற்காலியில் இருந்தவரின் பக்குவத்தால் வந்ததா, முறையால் வந்ததா என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை. சான்றிதழை ரத்து செய்வதற்கு முன் வியாபாரியின் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 10ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. சான்றிதழ் வழங்குவது, ரத்து செய்வது ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவர் உள்ளாட்சி அமைப்பிடம் மேல்முறையீடு செய்ய 11ஆம் பிரிவு வழி விடுகிறது. புதுப்பித்தலைப் பற்றிப் பேசும் 9ஆம் பிரிவோ, காலம், முறை, கட்டணம் ஆகிய மூன்றையும் மாநிலத்தின் திட்டத்துக்கு விட்டுவிட்டு இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. புதுப்பிக்க மறுப்பதும் பிழைப்பைப் பொறுத்தவரை ரத்து செய்வதற்குச் சமம்தான். அப்படியிருக்க, மறுப்புக்கு முன் நேரில் கேட்பதும், காரணத்தை எழுத்தில் தருவதும், எங்கே முறையிடலாம் என்று அந்த ஆணையின் அடியிலேயே குறிப்பதும் குழுவின் நிலையான நடைமுறையாக இருக்க வேண்டும். அன்றே விசாரணைக்கு வந்த வேறொரு விண்ணப்பதாரரிடம், அவருடைய கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியதைக் கண்டேன். ஏன் என்றோ எதுவரை என்றோ அவர் கையில் எந்தத் தாளும் இல்லை. கையில் தாள் இல்லாதவர் வங்கிக்குப் போய் தெருவோர வியாபாரிகளுக்குக் கடன் தர 2020இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தின் அடுத்த தவணைக் கடனைக் கேட்கும்போது என்ன சொல்வார் என்பதை அலுவலகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

கட்டணம் நியாயமானது, ரசீது உடனே கிடைத்தது, எவரும் கையூட்டுக் கேட்கவில்லை. ஐந்துக்கு மதிப்பெண் தரச் சொன்னால் நேரில் ஆய்வு செய்ததற்கும் விசாரணை நடத்தியதற்கும் நான்கு தருவேன். காத்திருக்கும் காலத்தில் வியாபாரியைப் பாதுகாத்த விதத்துக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

புதிய சான்றிதழ் வந்துவிட்டது. நிபந்தனைகளும் வியாபார நேரமும் சரியாக அச்சாகியிருக்கின்றன. இடத்தின் விவரத்தில் மட்டும் கூட்டுறவுச் சங்கச் சுவருக்குப் பதிலாகப் பழைய வளைவே இருக்கிறது. அடுத்த முறை ஆய்வுக்கு வருகிறவர் சான்றிதழைப் படித்துப் பார்த்தால், குழு நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பதே மீறலாகிவிடும் என்பதால், கூட்டக் குறிப்பின் நகலை இணைத்துத் திருத்த மனு கொடுத்திருக்கிறோம். இம்முறை ஒப்புகையில் மனுவின் பொருளையும் தேதியையும் எழுதித் தரும்படி அம்மையாரே கேட்டு வாங்கினார்.