வேனுக்குள் படம் பார்க்க: ஹாட்ஸ்பாட்டா, டவுன்லோடா?

பழைய வேன் ஒன்றில் பின்சீட்டுகளைக் கழற்றிப் படுக்கை போட்டு, கடலூரிலிருந்து குடும்பத்தோடு கிளம்புவது எங்கள் வழக்கம். ராத்திரி வண்டியை ஓரங்கட்டியதும் பிள்ளைகளுக்குப் படம் வேண்டும். கையில் இருப்பதோ தினம் 2 ஜிபி பேக். முதலில் ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டினோம். இப்போது வீட்டு வைஃபையிலேயே டவுன்லோடு செய்துகொண்டு ஏறுகிறோம். நான் டவுன்லோடு கட்சி.

ஹாட்ஸ்பாட்டின் வசதி தெரிந்ததுதான்: நினைத்ததைப் பார்க்கலாம், கிரிக்கெட் நேரலையும் உண்டு. கடலோரச் சாலையில் சிக்னலும் பெரும்பாலும் கிடைக்கிறது. இடிப்பது டேட்டா கணக்கு. நெட்ஃபிளிக்ஸில் சாதாரணத் தரத்துக்கு மணிக்கு 1 ஜிபி வரை, எச்டி என்றால் 3 ஜிபி வரை போகும். எச்டியில் 2 ஜிபி முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. அப்புறம் 64 கேபிபிஎஸ் வேகத்தில் வாட்ஸப் மெசேஜ் போனாலே பெரிது.

வேளாங்கண்ணியில் ஒரு ராத்திரி படம் தொடங்கி இருபது நிமிடத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. டேட்டாவைப் படம் மட்டும் தின்னவில்லை. மகளின் டேப்லெட் ஹாட்ஸ்பாட்டை வீட்டு வைஃபை என்று நம்பி, ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாம் நடத்திக்கொண்டிருந்தது. ‘வைஃபையில் மட்டும்’ என்று நாம் போட்டுவைத்த கட்டுப்பாடு இங்கே பல நேரம் செல்லாது. ஹாட்ஸ்பாட்டும் அதற்கு வைஃபைதான். ஆண்ட்ராய்டில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’, அதாவது அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டிய டேட்டா, என்று மாற்றினால் அடங்கும். ஆனால் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். மாமனார் போனில் அந்த செட்டிங்கைத் தேடவே அரைமணி ஆனது.

டவுன்லோடில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கெடு உண்டு. சில படங்கள் பிளே அழுத்திய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். சரியாக ஓடுகிறதா என்று வீட்டிலேயே அழுத்திப் பார்த்தேன், அதுதான் தப்பு. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலை போய்ச் சேர்ந்த மறுநாள், படம் திறக்க மறுத்தது. புதுப்பிக்க நெட் வேண்டும். நாங்கள் நிறுத்திய இடத்தில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. இப்போது சோதிப்பதில்லை, பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

டாங்கிள் என்ற, சிம் போட்டு நெட் எடுக்கும் தனிக் கருவியை ஒரே பயணத்துக்குக் கடன் வாங்கினேன். போன் சூடாகவில்லை, சார்ஜ் மிச்சம். டேட்டா தீரும் வேகம் அதேதான்.

ஐபிஎல் நாட்களில் மட்டும் மாமனாருக்காகக் கட்சி மாறுவேன். ஹாட்ஸ்பாட் கிடையாது, அவர் போனில் அவர் டேட்டா, இருப்பதிலேயே குறைந்த தரம். பந்து தெரியாது. ஸ்கோர் தெரிந்தால் போதும் அவருக்கு.