வயிற்றில் குழந்தையோடு இங்கிலாந்துக்கு: என்ஹெச்எஸ் பிரசவ சேவை எப்படி?

இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸை நம்பிப் பிரசவத்துக்குப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே எல்லாமே வாரக் கணக்குதான். எந்த வாரத்தில் எந்த ஸ்கேன், எந்த ரத்தப் பரிசோதனை, எந்த ஊசி என்று முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள். முதலிலிருந்தே அங்கே இருப்பவருக்கு இவை தானாக நடக்கும். பாதியில் போய்ச் சேருகிறவர் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

முதலில் விசா. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசா என்றால் விண்ணப்பத்தோடு சுகாதாரக் கூடுதல் கட்டணம் கட்டியிருப்பீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இது பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776. பிரசவம் இதில் அடக்கம். சிசேரியன் ஆனாலும் தனி பில் வராது. விசிட்டர் விசாவில் போனால் கதையே வேறு. மருத்துவமனைச் செலவைப்போல ஒன்றரை மடங்கு வசூலிப்பார்கள். பணம் இல்லை என்பதற்காகப் பிரசவம் பார்க்க மறுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பில் வரும். 500 பவுண்டோ அதற்கு மேலோ இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பாக்கி நின்றால் அடுத்த விசாவுக்கே இடைஞ்சலாகும். பயணக் காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள், சாதாரணப் பிரசவத்தைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை.

இந்தியாவிலிருந்து நீண்ட கால விசாவுக்கு காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். கர்ப்பம் என்பதை மையத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே வேண்டாம் என்றால் சளிப் பரிசோதனை செய்யலாம், ஆனால் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். விமான நிறுவனங்கள் பொதுவாக 28 வாரத்துக்குப் பிறகு டாக்டர் கடிதம் கேட்கும், 36 தாண்டினால் ஏற்றாது. இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு டிக்கெட் எடுங்கள்.

போய் இறங்கியதும் பலர் ஜிபி என்ற உள்ளூர்ப் பொது மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருந்தே இரண்டு மூன்று வாரத்தைத் தொலைக்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. அந்தப் பகுதி மருத்துவமனையின் இணையதளத்தில் மகப்பேறுப் பிரிவுக்கு நீங்களே நேரடியாகப் பதிவு செய்யும் படிவம் இருக்கும். அதை அன்றைக்கே நிரப்புங்கள். ஜிபி பதிவை அதோடு சேர்த்துச் செய்யலாம். முகவரிச் சான்று இல்லை என்று ரிசப்ஷனில் திருப்பி அனுப்பினால், ஜிபி பதிவுக்கு முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ கட்டாயம் இல்லை என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். என்ஹெச்எஸ்ஸின் சொந்த விதியே அதுதான். மிட்வைஃபுடனான (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்) முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டல். 9 வாரம் தாண்டிப் பதிவு செய்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் நேரம் தர வேண்டும். இதைச் சொல்லிக் கேட்டால் தேதி முன்னால் வரும்.

தவறவிட்டால் திரும்பாதவை ஸ்கேன்கள்தான். டவுன் சிண்ட்ரோமுக்கான ஸ்கேனும் ரத்தமும் சேர்ந்த பரிசோதனை 11 வாரம் 2 நாளிலிருந்து 14 வாரம் 1 நாள் வரைதான். அது போனால் 20 வாரம் வரை ரத்தப் பரிசோதனை மட்டும் செய்வார்கள், அதன் துல்லியம் குறைவு. உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 வாரத்திலிருந்து 20 வாரம் 6 நாளுக்குள்; தாமதமானால் 23 வாரம் வரை இழுக்கலாம். ஆகவே 13ஆவது வாரத்திலும் 19, 20ஆவது வாரத்திலும் பயணம் வைக்காதீர்கள். ஸ்கேனை இங்கே முடித்து, அச்சிட்ட ரிப்போர்ட்டோடு ஏறுங்கள். அல்லது நல்ல இடைவெளி விட்டு முன்பே போய்ச் சேருங்கள்.

கையில் கொண்டு போகும் காகிதங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். நம் லேப் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 11 என்று இருப்பது அங்கே 110, அவர்கள் லிட்டர் கணக்கில் எழுதுவார்கள். சர்க்கரையை மில்லிமோலில் சொல்வார்கள்: நம் எண்ணை 18ஆல் வகுத்தால் அவர்கள் எண் கிடைக்கும். கர்ப்பகாலச் சர்க்கரை என்று அவர்கள் முடிவு செய்யும் அளவு வெறும் வயிற்றில் 5.6 அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 7.8; அதாவது சுமார் 101, 140. நம் ஊரில் பல இடங்களில் சாப்பிட்டு வந்தாலும் குளுக்கோஸ் கொடுத்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் வெறும் வயிற்று அளவே இருக்காது. எனவே 24 முதல் 28 வாரத்துக்குள் அங்கே மறுபடி கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தெற்காசியர் என்பதாலேயே உங்களுக்கு அந்தப் பரிசோதனை உண்டு. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் அங்கே யாருக்கும் புரியாது. லெவோதைராக்சின், லேபெட்டலால் என்று மருந்தின் மூலப்பெயரும் அளவும் டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். ரத்த வகை ரிப்போர்ட்டும் கட்டாயம் வேண்டும். நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 28 வாரத்தை ஒட்டிப் போட வேண்டும்.

கவனிப்பின் தன்மை நம்மவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் டாக்டரையே பார்க்க மாட்டீர்கள். முதல் குழந்தைக்கு சுமார் 10 சந்திப்பு, அடுத்ததற்கு 7, எல்லாம் மிட்வைஃபிடம். 20 வார ஸ்கேனுக்குப் பிறகு வழக்கமான ஸ்கேன் கிடையாது. அதன் பிறகு வயிற்றில் டேப் வைத்து அளந்து அட்டவணையில் குறிப்பார்கள். வளர்ச்சி பிசகினால்தான் மறுபடி ஸ்கேன். ஸ்கேன் எண்ணிக்கை குறைவது கவனிப்பு குறைந்ததன் அடையாளமல்ல. மிட்வைஃப் படிப்பு தனிப் பட்டப்படிப்பு, அவர்களை நம்பலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மிட்வைஃப் வருவது இந்தச் சேவையின் பெரிய குறை. ஒரே விவரத்தை மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். ஆங்கிலம் தயக்கம் என்றால் முதல் சந்திப்பிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், கட்டணம் இல்லை. கணவரை மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். சொல்லக் கூச்சப்படும் விஷயம் சொல்லாமலே போய்விடும்.

எங்கே பிரசவம் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்: வீடு, மிட்வைஃப் நடத்தும் பர்த் சென்டர், டாக்டர்கள் உள்ள மகப்பேறுப் பிரிவு. முதுகில் போடும் வலி நிவாரண ஊசியான எபிட்யூரல் மூன்றாவதில் மட்டும்தான். 2011இல் வெளியான பெரிய ஆய்வில், வீட்டில் பிரசவம் திட்டமிட்ட முதல் பிரசவக்காரர்களில் 45 சதவீதம் பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. குழந்தைக்கான ஆபத்தும் அவர்களுக்குச் சற்றே கூடுதல். புதிதாகக் குடியேறியவர்களுக்கு, அதுவும் முதல் பிரசவத்துக்கு, மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே உள்ள பர்த் சென்டர்தான் எங்கள் சிபாரிசு. சிக்கல் என்றால் கதவைத் தாண்டினால் டாக்டர்.

மருத்துவமனையின் பேரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சிக்யூசி என்ற கண்காணிப்பு அமைப்பு மகப்பேறுப் பிரிவுக்கென்றே தனித் தரம் வழங்குகிறது. அந்த அமைப்பு 131 இடங்களைச் சோதித்து 2024இல் தந்த அறிக்கையில் 48 சதவீதம் ‘மேம்பாடு தேவை’ அல்லது ‘போதாது’ என்ற தரத்தில்தான் இருந்தன. வீடு வாடகைக்கு எடுக்கும் முன்பே இதைப் பாருங்கள், அந்த மருத்துவமனையின் சுற்றுவட்டாரத்துக்குள் இருந்தால்தான் வீட்டுக்கு வரும் மிட்வைஃபும் அதே குழுவாக இருப்பார். மகப்பேறுப் பிரிவின் அவசர எண்ணை 24 மணி நேரமும் எடுப்பார்களா, துணைக்கு வருபவர் இரவு தங்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், நடு இரவானாலும் சரி.

சுகப்பிரசவம் என்றால் ஆறு மணி நேரத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். வீட்டில் துணைக்கு ஒருவர் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மிட்வைஃப் வீட்டுக்கு வருவார். ஐந்தாம் நாள் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுப்பார்கள். பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்தவர் என்றால் குழந்தைக்கு பிசிஜி உண்டு, ஆனால் பிறந்ததும் போட மாட்டார்கள், 28 நாள் கழித்துத்தான். தேதி வராவிட்டால் கேளுங்கள். பிறப்பை 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெற்றோர் இருவரும் தற்காலிக விசாவில் இருந்தால் குழந்தைக்குக் குடியுரிமை தானாக வராது. மூன்று மாதம் வரைதான் குழந்தைக்கு இலவச சிகிச்சை. அதற்குள் பாஸ்போர்ட் எடுத்து விசாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.